பாத்ரூம் எல்லாம் ஓகேவா

முதுகுவலிக்காரர்களுக்கான இடத்தை இரண்டாவது மாடியில் வைத்த புண்ணியவானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு வர முப்பத்தாறு படி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவரின் முகத்தைப் பார்த்தே வலி எந்தப் பக்கம் என்று குகன் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

குகன் இந்தத் தொழிலில் இருபத்து மூன்று வருடம். நான், நுஸைபா, எட்டு வருடம். அவர் ஒரே நேரத்தில் மூன்று திரைக்குள் மூன்று பேரைப் படுக்கவைத்துவிடுவார். ஒருவருக்குச் சூடு, ஒருவருக்குக் கரண்ட், ஒருவருக்கு இடுப்பை இழுக்கும் மெஷின். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றாமல் மெஷினை மாற்றுவார். நடுவில் திரைக்கு வெளியே நின்றபடியே, ஊருக்கே கேட்கிற குரலில், "அண்ணே, ஒண்ணுக்கு ஒழுங்கா வருதா? வெளிக்கி போறது அடக்க முடியுதா? உக்கார்ற எடம் தொட்டா தெரியுதா?" என்று கேட்பார். மற்ற இரண்டு திரைகளிலும் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிடும். நான் ஏதோ கோப்பைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்த மனிதர் வொர்க்‌ஷாப்பில் கார் பார்க்க வேண்டியவர், தவறி ஆள் பார்க்க வந்துவிட்டார் என்று நினைப்பேன்.

என் வழி வேறு. மூன்று வருடத்துக்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பயிற்சிக்குப் போனேன். வருடக்கணக்காக இருக்கிற இடுப்புவலி எலும்பில் மட்டும் இருப்பதில்லை, தூக்கத்தில், பயத்தில், வேலையில், வீட்டுப் பேச்சில் எல்லாம் இருக்கிறது, முழு மனிதனையும் பார்க்காமல் இடுப்பை மட்டும் பார்த்தால் வலி போகாது என்று நான்கு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது வேதம் மாதிரி பிடித்துக்கொண்டது. இன்றும் அதை நம்புகிறேன். இவ்வளவு நடந்த பிறகும் நம்புகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து குகனிடம் இதை விளக்கினேன். அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்.

"முழு மனுஷனப் பாரு, வேணாங்கல. ஆனா இடுப்புக்குக் கீழயும் மனுஷன்தான் லா."

"உங்களுக்கு எல்லாம் கிண்டல், அண்ணே."

"கிண்டல் இல்ல. நீ கதை கேக்குற நேரத்துல நான் மூணு பேரப் பாத்துடுவேன்."

மூன்று பேரின் மெஷினைப் பார்த்திருப்பீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பெரியவராயிற்றே என்று விழுங்கிவிட்டேன்.

கமலநாதன் என்னிடம் வந்தது இந்த மாதிரி பெருமிதத்தின் உச்சியில் நான் இருந்தபோதுதான். ஐம்பத்து மூன்று வயது. கிள்ளானில் சமையல் கேஸ் லோரி ஓட்டுகிறவர். ஓட்டுவது மட்டுமில்லை, லிஃப்ட் கெட்டுப்போன பிளாட்டுகளில் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, தோளில் வைத்து நான்காவது, ஐந்தாவது மாடிக்கு ஏற்றியவர், இருபது வருடம். மூன்று வருடமாக இடுப்புவலி, ஒரு காலுக்கும் இறங்குகிற வலி. கடைசி ஐந்து மாதம் வேலைக்கே போகவில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்திருந்தார். கூடவே மனைவி சீதாலெட்சுமி, கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை.

"எங்க மொதலாளி தவுக்கே தீபாவளி வரைக்கும் டைம் குடுத்திருக்காருமா. அதுக்கு மேல லோரிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. எனக்கு லோரி ஏறணும். அது ஒண்ணுதான்" என்றார்.

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஒன்பது வாரம் இருந்தது.

யாரோ ஒரு டாக்டர் அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உங்கள் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்தால் ஊனம்தான் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மனிதர் குனியவில்லை. சீதாலெட்சுமிதான் காலுறை மாட்டிவிடுகிறாள். விழுந்த சாவியை எடுக்க ஆளுக்குக் காத்திருக்கிறார். இரவில் நான்கு மணி நேரத் தூக்கம். மீதி நேரம் வலி எங்கே இருக்கிறது, எங்கே நகர்கிறது என்று உடம்புக்குள்ளேயே காவல் இருந்திருக்கிறார். நாற்பத்தைந்து நிமிடம் கேட்டேன். லோரியைப் பற்றிப் பேசும்போது அழுதார். அதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"அங்கிள், வலிக்கிறதுன்னா உடையுதுன்னு அர்த்தம் இல்ல. உங்க முதுகு நீங்க நினைக்கிறத விட உறுதியானது. சும்மா அதையே கவனிச்சிக்கிட்டு இருக்காதீங்க. அது கூப்பிட்டா நீங்க வேற வேலையப் பாருங்க."

"அப்போ குனியலாமா?"

"கொஞ்சம் கொஞ்சமா குனியலாம்."

அவர் சீதாலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் 'லாம்' போட்டுப் பேசியது அவருக்கு விடுதலைப் பத்திரம் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாரத்தில் கட்டமாகவே இருக்கிறது. இடுப்பு எலும்புகளின் நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, கீழே போகிற நரம்புக்கொத்தை முழுதாக அழுத்திவிட்டால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போகும், உட்காரும் இடம் மரத்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கு வந்தால் அதிகம். வந்துவிட்டால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆகவே ஒவ்வொருவரையும், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

மலாய்க்காரர்களிடம் நான் பட்டென்று கேட்பேன். "பாக்சிக், கென்சிங் ஓகே? பெராக் ஓகே?" பாக்சிக் என்றால் மாமா; மற்ற இரண்டும் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்பதற்கு மலாயில் இருக்கிற சாதாரணச் சொற்கள். சீனர்களிடமும் அதே மலாய்தான். எனக்கும் கூச்சமில்லை, அவர்களுக்கும் கூச்சமில்லை. தமிழில் மட்டும் எனக்கு அது வராது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகளை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'பாத்ரூம் வருது' என்போம். சிறு பிள்ளையில் தப்பித்தவறி ஒருநாள் சொன்னதற்கு உம்மா வாயிலேயே ஒன்று வைத்தார். அந்த அடி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அத்தா வயதுள்ள தமிழ் ஆட்களிடம் எட்டு வருடமாக ஒரே கேள்விதான்.

"பாத்ரூம் எல்லாம் ஓகேவா, அங்கிள்?"

"ஓகேமா" என்றார். அன்று அது உண்மையும்கூட. கட்டத்தில் சரி போட்டேன்.

இரண்டாவது முறை வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்காலைத் தொட்டார். மூன்றாவது முறை அரை வாளித் தண்ணீரைத் தூக்கி மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் காலுறையைத் தானே மாட்டுகிறார் என்று சீதாலெட்சுமி சொன்னாள். இரவில் ஆறு மணி நேரம் தூங்குகிறாராம். குகன் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நான்காவது முறை ஒரு சனிக்கிழமை. தனியாக வந்திருந்தார்.

"வலி எப்படி இருக்கு, அங்கிள்?"

"வலி இல்லமா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து விட்டுப் போச்சி. காலு ரெண்டும்தான் கனமா இருக்கு."

"எக்சர்சைஸ் அதிகமா செஞ்சீங்களா?"

"செஞ்சேன். நீங்க பத்து சொன்னீங்க, நான் இருவது செஞ்சேன்."

சிரித்தேன். ஒரு காலில் வலி என்று வந்தவர் இரண்டு காலும் கனம் என்கிறார். திடீரென்று வலி விட்டுப்போயிற்று என்கிறார். இவ்விரண்டும் சேர்ந்தால் என்னவென்று படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் காண விரும்பியது என் வெற்றியை. ஐந்து மாதம் சும்மா கிடந்த தசை வேலை செய்தால் கனக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டியில் தட்டிப் பார்க்கவில்லை. குதிகாலில் நடக்கச் சொல்லவில்லை. தவுக்கேயிடம் எப்படிப் பேசுவது, முதல் வாரம் காலியான தோங்கை மட்டும் எப்படித் தூக்குவது என்று இருவரும் அரை மணி நேரம் திட்டம் போட்டோம்.

எழுந்திருக்கும்போது கேட்டேன்.

"பாத்ரூம் எல்லாம் ஓகேவா, அங்கிள்?"

அவர் கொஞ்சம் நின்றார். பிறகு, "ஓகேமா. சொவத்தப் புடிச்சிக்கிட்டு போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. பாத்ரூமுக்கு நடந்து போக முடிகிறதா என்று கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். முடிகிறது என்றார். முதல் நாள் இரவிலிருந்து அங்கே போய் அரை மணி நேரம் நின்றும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, வருவதே தெரியவில்லை என்பது அந்தப் பதிலுக்குள் இல்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கட்டத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

திங்கள்கிழமை காலை சீதாலெட்சுமி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். பக்கத்து அறையில் அவர் இருந்திருக்க வேண்டும்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். அவரு பெட்ட நனைச்சிட்டாரு. அவருக்கே தெரியல. நேத்தும் அப்படித்தான். கேட்டா கோவப்படறாரு. காலு வேற தொவளுது. நீங்கதான் பயப்படக்கூடாது, கவனிச்சிக்கிட்டே இருக்கக்கூடாதுன்னு சொன்னீங்களாம். ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்றாரு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அக்கா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எமர்ஜென்சி. வெயிட் பண்ணாதீங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நரம்பு அழுத்துதுன்னு சொல்லுங்க. ஒண்ணுக்கு..."

அந்த வார்த்தை அப்போதுதான் என் வாயில் வந்தது. இரண்டு நாள் தாமதமாக வந்தது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஆபரேஷன். அந்த இரண்டு நாளும் நான் மற்ற நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குகன் கமலநாதனின் கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தார். மூன்று பக்கம் நான் எழுதியிருந்தேன். அவர் தூக்கம், பயம், வேலை, மனைவி, லோரி எல்லாம் இருந்தது.

"வாளி தூக்க வெச்சதாலதானா, அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல. அந்தத் தட்டு வெடிக்கிறதுன்னா தும்மினாலும் வெடிக்கும். வெடிச்சத நாம புடிக்கணும். அவ்வளவுதான் நம்ம வேல." கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "என்ன கேட்ட?"

சொன்னேன். குகன் கிண்டல் செய்வார் என்று பயந்தேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கோப்பை மூடி என் மேசையில் வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை மதியம் கிள்ளானுக்குப் போனேன். வார்டில் ஆறாவது கட்டில். படுத்திருந்த கமலநாதனின் கட்டில் ஓரத்தில் மஞ்சள் நீர் நிரம்பிய பை தொங்கியது. சீதாலெட்சுமி எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் உடனே போகச் சொல்லலன்னா இன்னும் மோசமாயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க, மிஸ். நீங்க ஒருத்தர்தான் இவரு சொன்னத ஒக்காந்து கேட்டீங்க."

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"இவரு மேலதான் தப்பு" என்று அவளே தொடர்ந்தாள். "ஆஸ்பத்திரில ஒரு மலாய் டாக்டர், சின்னப் பொண்ணு, உங்கள மாதிரியேதான் தலையில தூடோங் போட்டிருந்தாங்க. வந்து நின்னவுடனே கென்சிங் எப்படின்னு கேட்டாங்க. இவரு மடமடன்னு எல்லாத்தையும் சொல்றாரு. வெள்ளிக்கெழம ராத்திரிலேர்ந்தாம். சனிக்கெழம உங்க கிட்ட வந்தப்ப ஏன் சொல்லலன்னு கேட்டேன். மிஸ் கேட்டாங்க, நான்தான் ஓகேன்னு சொல்லிட்டேங்கறாரு."

கமலநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழியை அவரே சுமந்துகொண்டார். நான் சும்மா இருந்தால் போதும், அது அவரிடமே இருந்துவிடும். ஒரு நொடி அப்படியும் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"தப்பு அங்கிளோடது இல்ல, அக்கா. நான் சரியா கேக்கல. பாத்ரூம் ஓகேவான்னு கேட்டேன். போக முடியுதான்னு கேக்கறேன்னு அவரு நினைச்சிட்டாரு. நான் நேரா கேட்டிருக்கணும். எனக்குக் கூச்சம். அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்க. நல்லாவும் ஆகியிருக்கலாம்."

என் கையைப் பிடித்திருந்த கைகள் மெதுவாக விலகின. அடுத்த கட்டிலில் யாரோ ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

கமலநாதன் தலையைத் திருப்பினார். மலாயில் கேட்டார். கென்சிங் இனிமேல் தானாக வருமா, லோரி ஏற முடியுமா என்று. மலாயில் கேட்கும்போது அவர் குரல் வேறொருவருக்காகக் கேட்பதுபோல் இருந்தது. டாக்டர்கள் அவரிடம் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். வரும் வழியில் வார்டு பிசியோவிடம் நான் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது.

நான் தமிழில் சொன்னேன்.

"தானா ஒண்ணுக்கு வர்றது கஷ்டம், அங்கிள். பெரும்பாலும் வராது. நாளைக்கு நாலஞ்சு தடவ நீங்களே டியூப் போட்டு எடுத்துக்கணும், அதக் கத்துக்குடுப்பாங்க. ரெண்டுக்குப் போறதையும் அடக்க முடியாது, டயப்பர் போடணும். நடப்பீங்க, கைத்தடி வெச்சி. லோரி முடியாது."

சீதாலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். தவுக்கேயிடம் தினமும் போன் போட்டு அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவள் அழவில்லை. போர்வை ஓரத்தை இழுத்து அவர் காலை மூடினாள். அந்தக் காலுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க கேட்டதுக்கு ஓகேன்னு சொல்லிட்டு எறங்கினேன்மா" என்றார் கமலநாதன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "பாதிப் படியில நின்னேன். இவங்க அதத்தான் கேட்டாங்களோன்னு தோணிச்சி. திரும்பி ஏறி வந்தேன். காலு கனம், ஒவ்வொரு படியா புடிச்சிக்கிட்டு வந்தேன். உங்க ரூம்ல ஒரு தமிழ் அம்மா ஒக்காந்திருந்தாங்க. அவங்க முன்னால அத எப்படிச் சொல்றதுன்னு கதவாண்ட கொஞ்ச நேரம் நின்னேன். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் எறங்கிட்டேன்."

சீதாலெட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.